முதல் பாடம் ஓர் உயில்



தொண்டு நிறுவன நிர்வாகத்துக்கென்று இங்கே ஒரு முதுகலைப் படிப்பு வரப்போகிறது. மகிழ்ச்சி. அமெரிக்காவின் இண்டியானா பல்கலைக்கழகம் 1987இல் கொடையியலுக்கு ஒரு மையம் தொடங்கி, 2012இல் அதைத் தனிப்பள்ளியாகவே உயர்த்தியது. அவர்களுடைய பாடங்களைப் படிப்போம். ஆனால் அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்து நடவேண்டியதில்லை; நம்மிடம் சரக்கு இருக்கிறது.

முதல் பருவத்தில் பச்சையப்ப முதலியாரின் உயிலை வையுங்கள். துபாஷாக (மொழிபெயர்ப்புத் தரகராக) இருந்து பெரும்பொருள் சேர்த்தவர், 1794இல் மறைந்தார். கோயில் கைங்கரியத்துக்கும் தருமத்துக்கும் எழுதி வைத்துவிட்டுப் போனார். பிறகு என்ன நடந்தது? வழக்கு! ஒரு தலைமுறைக்கு மேல் அந்தத் தருமப் பணம் நீதிமன்றப் படியேறி இறங்கியது. கடைசியில், தருமங்களுக்குப் போக மிஞ்சியதைக் கல்விக்குத் திருப்பினார்கள். 1842இல் சென்னையில் ஒரு பள்ளிக்கூடம் திறந்தது. அதுதான் வளர்ந்து பச்சையப்பன் கல்லூரி ஆனது. இறந்தவரின் விருப்பத்தை எதுவரை மாற்றலாம்? பொறுப்பாளர் சும்மா இருந்தால் யார் கேட்பது? மிச்சம் எவ்வளவு என்று யார் கணக்குப் பார்ப்பது? இந்தப் படிப்பின் முக்கால்வாசிக் கேள்விகள் அந்த ஒரு வழக்குக்குள்ளேயே கிடக்கின்றன.

அடுத்தது சட்டமும் கணக்கும். 2020இல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்தினார்கள். வாங்கிய நன்கொடையை இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கக் கூடாது. நிர்வாகச் செலவுக்கான வரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமாக இறங்கியது. பெரிய நிறுவனத்தின் கைவழியாகப் பணம் பெற்றுவந்த சிற்றூர்ச் சங்கங்களுக்கு அந்த வாசல் அடைபட்டது. எது நிர்வாகச் செலவு, எது களச்செலவு என்று பிரித்துச் சொல்லத் தெரியாத பட்டதாரி அங்கே போய் என்ன செய்வார்? பெரிய கம்பெனிகளைத் தங்கள் லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்கு ஒதுக்கச் சொல்லும் 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். நிதி கேட்டு ப்ரொபோசல் எழுதும் கலைக்குப் பாடத்திட்ட வரைவில் 2 தாள் ஒதுக்கியிருக்கிறீர்கள். பாதித் தாள் போதும்; மீதியை வேலைக்குச் சேர்ந்த முதல் மாதமே மேலதிகாரி சொல்லிக்கொடுத்துவிடுவார்.

களப்பணியைப் பற்றி ஒன்று. தொண்டு நிறுவனங்களின் ஆண்டறிக்கைகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் வருகின்றன. அட்டையில் சிரிக்கும் அம்மாவுக்கு உள்ளே தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. மாணவர் அந்த அறிக்கையைத் தமிழில் எழுதி, மகளிர் குழுவின் நடுவே உட்கார்ந்து வரிவரியாக வாசிக்கட்டும். "இத்தனை ரூபாயா எங்களுக்குச் செலவு பண்ணீங்க?" என்று அவர்கள் கேட்கட்டும். அந்தக் கேள்விக்கு அவர் சொல்லும் பதிலுக்கு மதிப்பெண் போடுங்கள்.

பாடத்திட்டக் குழுவின் பட்டியலைப் பார்த்தேன். பேராசிரியர் இருக்கிறார், ஆடிட்டர் இருக்கிறார், நன்கொடை தருகிற கம்பெனிக்காரரும் இருக்கிறார். வாங்குகிற பக்கத்திலிருந்து ஒருவர்கூட இல்லை. அடுத்த கூட்டத்துக்குள் அந்தப் பக்கத்திலிருந்து 2 பேரைச் சேர்த்துவிட்டு, வரைவை அவர்கள் கையில் தமிழில் கொடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.