ஆறாத பவுத்திரமும் அரிய புற்றுநோயும்
(பிள்ளைச்சாவடி விழாவில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



விழா மேடையில் பேசத்தக்க பொருளன்று இது எனச் சிலர் எண்ணக்கூடும். வெளியே சொல்லக் கூசுவதனாலேயே இந்நோய் முற்றிய பின்னர் மருத்துவரிடம் வருகிறது. ஆகவே இதனையே எடுத்துக்கொண்டேன்.

ஆசனவாயின் அருகே எழுந்த சீழ்க்கட்டி உடைந்து, உள்ளிருந்து வெளித்தோல் வரை ஒரு புழையாக நிலைத்துவிடுவதே பவுத்திரம். மூலம் என்று கருதி ஆண்டுக்கணக்கில் களிம்பு தடவுவோர் பலர். சுசுருத சம்கிதை இதனைப் பகந்தரம் என்று விரித்துரைக்கிறது. பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயிக்கு 1686இல் இதற்காகவே அறுவை நடந்தது. மன்னர்க்கே வந்த நோயை நாம் மறைப்பானேன்?

பவுத்திரம் உடையவர்க்கெல்லாம் புற்றுநோய் வருவதில்லை. அது மிக மிக அரிது. எனினும் நெடுநாள் ஆறாத புழையில் அது தோன்றுவதுண்டு. 1934இல் ராசர் என்னும் அமெரிக்க மருத்துவர் இதற்கு இலக்கணம் வகுத்தார். புற்று தோன்றுமுன் பவுத்திரம் பத்தாண்டுகளேனும் இருந்திருத்தல் வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று.

பழகிய புண்ணில் புதிதாக வலி மிகுதல், கல்போன்ற தடிப்பு, கூழ்போன்ற சளிக்கசிவு, குருதி ஆகியவை எச்சரிக்கைகள். இங்கேதான் மருத்துவரும் ஏமாறுகிறார். புற்று புழையின் ஆழத்தில் ஒளிந்திருப்பதால், மேற்புறத்தில் கிள்ளியெடுத்த சதையில் ஒன்றும் தென்படாமற் போகலாம். ஐயம் நீங்காவிடின், எம்.ஆர்.ஐ. படம் எடுத்து, மயக்க மருந்து கொடுத்து, புழையின் உட்புறத்தைச் சுரண்டி மீண்டும் திசு ஆய்வு செய்தல் வேண்டும். பவுத்திர அறுவையில் எடுத்த சதையையும் ஆய்வுக்கு அனுப்புமாறு நீங்களே கேட்கலாம்.

முற்றிய நிலையில் முதலில் கதிரியக்கமும் மருந்தும், பின்னர் ஆசனவாயையும் மலக்குடலையும் அகற்றும் அறுவையும் பெரும்பாலும் தேவைப்படும். அதன்பின் வயிற்றில் அமைத்த வாய்வழியே மலம் பையில் சேரும். இதற்கு அஞ்சியே சிலர் சிகிச்சையை மறுக்கின்றனர். ‘இனிப் பூசைக்கு எப்படிச் செல்வேன்?’ என்று ஒரு முதியவர் என்னிடம் கண்கலங்கினார். இக்காலப் பைகள் நாற்றத்தைக் கசியவிடாதவை. நீராடலாம், பயணம் செல்லலாம், கூட்டத்தில் அமரலாம் என்று விளக்கினேன். அவர் இசைய இரு வாரங்கள் ஆயின.

கோரிமேட்டு ஜிப்மரில் இம்மூவகைச் சிகிச்சையும் ஒரே வளாகத்தில் கிடைக்கின்றன. செல்வோர் பழைய அறுவைச் சீட்டுகளையும், முதன்முதல் சீழ் கண்ட ஆண்டையும் குறித்து எடுத்துச் செல்க.