சேமிப்பெல்லாம் ஒரு தறிக்கு



கைத்தொழில் பற்றிப் பேசுமாறு பணித்தீர்கள். கடல் கடந்த ஒரு பெண்மணியைப் பற்றிப் பேச விழைகிறேன். கே செகிமாச்சி என்பது அவர் பெயர். 1926-ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோ நகரில் ஜப்பானியப் பெற்றோர்க்குப் பிறந்தவர்.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க அரசு ஏறத்தாழ 1,20,000 ஜப்பானிய வழியினரைக் காவல் முகாம்களில் அடைத்தது. செகிமாச்சியின் குடும்பம் 1942-இல் முதலில் கொண்டு செல்லப்பட்ட டான்போரான், ஒரு குதிரைப் பந்தயத் திடல். குதிரை கட்டிய கொட்டில்களே அங்குப் பலர்க்கு இல்லமாயின. பின்னர் யூட்டா மாநிலத்தின் பாலைநிலத்தில் டோபாஸ் முகாம். பதினைந்து வயதில் உள்ளே சென்ற அப்பெண் அங்கும் ஓவியம் பயின்றார்.

1949-இல் ஒரு கலைக்கல்லூரியின் நெசவுக்கூடத்தைக் கண்டார். மறுநாளே தம் சேமிப்பு முழுவதையும், 150 டாலர், கொடுத்துத் தறி ஒன்றை வாங்கிவிட்டார். அப்போது அவருக்கு நெய்யவே தெரியாது! நம் வீட்டு மகள் ஒருத்தி இவ்வாறு செய்திருந்தால் என்ன கூறியிருப்போம் என்பதை உங்கள் எண்ணத்திற்கே விடுகிறேன்.

நெசவின் நுட்பத்தை அவருக்கு உணர்த்திய ஆசிரியை ட்ரூட் கெர்மான்ப்ரே. ஐரோப்பாவில் அதே போரில் கணவரை இழந்தவர். போரால் புண்பட்ட இருவர் ஒரு தறியின் அருகே கூடினர் என்றே எனக்குத் தோன்றுகிறது.

மீன் தூண்டில் கயிறு போன்ற, ஒளி ஊடுருவும் நைலான் இழையை 1960-களில் செகிமாச்சி கையாண்டார். நான்கு அடுக்குத் துணியை ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே தறியில், ஒரே வேளையில் நெய்தார். தறியில் இருக்கும்வரை அது தட்டையான துணி. இறக்கித் தொங்கவிட்டால் அடுக்குகள் விலகி, கடலில் மிதக்கும் இழுதுமீன்போல் விரியும். கத்தரிக்கோலும் ஊசியும் கொண்டு உருவாக்கிய வடிவம் அன்று அது. பாவும் ஊடையும் முன்னரே கணக்கிட்டு வைத்த வடிவம். பிற்காலத்தில் ஆளிநார் நூலின் பாவிலேயே சாயம் தீட்டி, பிறகு நெய்து, மடிப்பு நூல்களாகச் செய்தார். பியூஜி மலையின் தோற்றங்கள் அவ்வாறு ஒரு நூலாயின.

1972-இல் மரம் கடையும் கலைஞர் பாப் ஸ்டாக்ஸ்டேலை மணந்தார். அவரும் முகாம் கண்டவர். படைக்கலம் ஏந்த மறுத்தமையால் தனி முகாமில் வைக்கப்பட்டவர். அம்மறுப்பின் பொருளை இவ்வவைக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அங்கேதான் அவர் மரக்கிண்ணம் கடையத் தொடங்கினார். அக்கிண்ணங்களையே அச்சாகக் கொண்டு, அவற்றின்மேல் தாளும் நாரும் படிய வைத்துச் செகிமாச்சி தம் கிண்ணங்களை வடித்தார்.

இறுதியில் தறியும் தேவைப்படவில்லை. சதை நீங்கி நரம்பு மட்டும் எஞ்சிய மேப்பிள் இலைகளைக் கூடைபோல் குவித்து நிறுத்தினார். நூற்கப்படாத, முடையப்படாத அந்த நரம்புகளில் ஊடுபாவு முன்பே இருந்தது.