கடைமடை விவசாயியும் வல்லரசுகளும்
(நிந்தவூர்க் கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட உரை)



முதலாளித்துவ அமெரிக்காவும் பொதுவுடைமைச் சோவியத்து ஒன்றியமும், இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் தொடங்கி 1991 வரை நடத்திய பனிப்போரைப் பற்றிப் பேச வந்துள்ளோம். வாஷிங்டனுக்கும் மொஸ்கோவுக்கும் நடந்த வழக்குக்கும் நிந்தவூர் வட்டைக்கும் தொடர்பென்ன என்று நீங்கள் கேட்கலாம். தொடர்பு உண்டு. நாம் உண்ட சோற்றிலும், இக்கரையோர வயல்களிற் பாய்ந்த நீரிலும் அவ்வழக்குக் கலந்திருந்தது.

சோற்றை முதலில் எடுப்போம். 1952 இல் கொரியாப் போர் நடந்துகொண்டிருந்தது. உலகச் சந்தையில் அரிசிக்குத் தட்டுப்பாடு. நமது இறப்பருக்கோ விலை வீழ்ச்சி. செஞ்சீனத்துக்கு இறப்பர் விற்கலாகாது என்று அமெரிக்கா தடுத்தது. அன்று ஆட்சியிலிருந்தது பொதுவுடைமையை அறவே வெறுத்த ஐக்கிய தேசியக் கட்சி. ஆயினும் பசி சித்தாந்தம் பார்க்குமா? டட்லி சேனநாயக்கா அரசாங்கத்தின் வர்த்தக மந்திரி ஆர். ஜி. சேனநாயக்கா பீக்கிங் சென்று, அவ்வாண்டு டிசம்பரில் உடன்படிக்கையிற் கைச்சாத்திட்டார். ஐந்து ஆண்டுகளுக்கு, ஆண்டுதோறும் 50,000 தொன் இறப்பர் கொடுத்து 270,000 தொன் அரிசி பெறுவது என்பதே ஏற்பாடு. அமெரிக்கா சில ஆண்டுகள் உதவி மறுத்தது. நாம் மடிந்துபோகவில்லை, அவ்வொழுங்கு 1982 வரை நிலைத்தது.

அடுத்தது எண்ணெய். 1961 இல் பெற்றோலியக் கூட்டுத்தாபனம் அமைத்து, மலிவான சோவியத்து எண்ணெயையும் வாங்கினோம். மேல்நாட்டுக் கம்பனிகளின் சொத்துக்களைச் சுவீகரித்தமைக்கு நட்டஈடு தரவில்லையென்று 1963 பெப்ரவரியில் அமெரிக்கா மீண்டும் உதவியை நிறுத்தியது. சித்தாந்தம் என்பது மேடைக்கு. கணக்குப் புத்தகத்தில் இருப்பது நலன் ஒன்றே!

இனி நீர். கல்லோயாவுக்கு 1949 இல் அணைகட்ட வந்தது மொரிசன் நட்சன் என்னும் அமெரிக்கக் கம்பனி. அணை எழுந்தது. ஆனால் அணை கட்டியவர் நீதியையும் கட்டித் தந்தாரா? வாய்க்கால்கள் தூர்ந்தன. தலைமடை நிறைந்து கிடக்கக் கடைமடை காய்ந்தது. 1979 இல் அமெரிக்க உதவியுடன் இடதுகரை வாய்க்கால்களின் புனரமைப்பு தொடங்கியது. கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவனத்தாரும் கோர்னெல் பல்கலைக்கழகத்தாரும் இளைஞர்களை அனுப்பி விவசாயிகளைக் குழுக்களாகச் சேர்த்தனர். 1981 இன் நீர்ப்பஞ்சத்தில், தலைமடைச் சிங்கள விவசாயிகள் முறைவைத்து மடையை அடைத்துக் கடைமடைத் தமிழ் விவசாயிகளுக்கு நீர் விட்டனர். பணம் அமெரிக்காவினது; ஆனால் நீரைக் கடைசிவரை கொண்டு சென்றது மக்களின் ஒற்றுமையே!

அன்பர்களே! உலக வாய்க்காலில் சிறிய நாடுகள் யாவும் கடைமடை விவசாயிகளே. அவர்கள் ஒன்றுகூடிய சபைதான் அணிசேரா இயக்கம். 1976 இல் கொழும்பிற் கூடியதும் அதன் மாநாடே.

பழைய வழக்கு முடிந்தது. புது வழக்கு நடக்கிறது. இன்று எதிரெதிரே நிற்பவை அமெரிக்காவும் சீனாவும். 2017 இல் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 99 ஆண்டுக் குத்தகைக்குச் சீனக் கம்பனியிடம் போயிற்று. 2020 இல் 480 மில்லியன் டொலர் அமெரிக்க நன்கொடைத் திட்டம் கைவிடப்பட்டது. 2022 இல் வெளிநாட்டுக் கடனைத் தீர்க்க முடியாமல் நாடு கையை விரித்தது. உரமின்றி வெள்ளாமை கெட்ட நம் விவசாயிக்கு அமெரிக்கா பசளை தந்தது; சீனா டீசல் தந்தது. இரண்டையும் நன்றியுடன் ஏற்றோம்; அது தவறன்று.

தவறு எங்கே? கணக்கறியாது கைநீட்டுவதிலே! 1952 இன் உடன்படிக்கையை எழுதப் படிக்கத் தெரியாத கமக்காரனும் விளங்கிக்கொள்ளலாம்: இத்தனை இறப்பருக்கு இத்தனை அரிசி. இன்றைய கடன் ஒப்பந்தங்களை அவ்வாறு விளங்கியவர் எத்தனை பேர்? போடியாரிடம் விதைநெல் கடன் வாங்குபவனும் அறுவடையில் எத்தனை மூடை அளப்பதென்று கேட்டே வாங்குகிறான். நாடு கேட்க வேண்டாமா?

படித்தவர்கள் ஒப்பந்தங்களைப் படித்து நம் தமிழில் எடுத்துரைக்க வேண்டும். விவசாயிகள் தம் பிரதிநிதிகளிடம் கணக்குக் கேட்க வேண்டும். எவரிடமும் வாங்குவோம், எவருக்கும் அடிமைச்சீட்டு எழுதோம்! இதுவே கடைமடை விவசாயியின் கொள்கை. நாட்டின் கொள்கையும் இதுவாகுக!