நாலரை கிராம்



இரண்டு எண் சொல்கிறேன். 47.27. 42.72. ஃபோர் டி லாட்டரி எழுத யாரும் பேனாவை எடுக்காதீர்கள்.

முதல் எண் யோங் வுய் கோங் என்ற சாபா பையன் வைத்திருந்த ஹெராயின், கிராம் கணக்கில். 2007இல் பிடிபட்டபோது அவருக்கு வயது 19. இரண்டாவது எண் நாகேந்திரன் தர்மலிங்கத்துடையது. ஈப்போ பக்கத்துப் பிள்ளை. 2009இல் தொடையில் பொட்டலத்தைக் கட்டிக்கொண்டு சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் மாட்டினார். இரண்டு பேருக்கும் தூக்கு என்றுதான் தீர்ப்பு வந்தது. 2013 நவம்பரில் யோங்கின் தூக்கு ஆயுள் சிறையாகவும் 15 பிரம்படியாகவும் மாறியது. நாகேந்திரனை 2022 ஏப்ரல் 27ஆம் தேதி சாங்கி சிறையில் தூக்கிலிட்டார்கள்.

அதிகம் கொண்டுவந்தவர் பிழைத்தார், குறைவாகக் கொண்டுவந்தவர் போய்விட்டார். வித்தியாசம் நாலரை கிராம் சொச்சம். உங்கள் தேநீரில் விழும் ஒரு கரண்டிச் சர்க்கரை! யோங் பிழைத்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் இந்தக் கணக்கு எந்த நியாயத்தில் சேர்த்தி?

இதைப் புரிந்துகொள்ள 1975க்குப் போக வேண்டும். அந்த ஆண்டுதான் போதைப்பொருள் சட்டத்தைத் திருத்தி, 15 கிராமுக்கு மேல் ஹெராயின் கடத்தினால் தூக்கு என்று எழுதினார்கள். தூக்குத் தரலாம் என்று எழுதவில்லை, தூக்குத்தான் என்று எழுதினார்கள். நீதிபதி தராசை மட்டும் பார்த்தால் போதும், எதிரே நிற்கும் ஆளைப் பார்க்க வேண்டியதில்லை. 1980இல் இதை எதிர்த்த வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போயிற்று. சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டார்கள்.

கொலைக்கும் அப்படித்தான் இருந்தது. நம் படங்களில் கோட்டுப் போட்ட ஒவ்வொரு நீதிபதியும் சொல்வாரே 302, அந்த 302தான் இங்கேயும். இந்தியத் தண்டனைச் சட்டத்தைப் பார்த்து எழுதி 1872இல் இங்கே கொண்டுவந்தார்கள். பாட்டி வீட்டுச் சமையல் மாதிரி, பெயர் ஒன்று, ருசி வேறு. அங்கே 302 என்றால் தூக்கு அல்லது ஆயுள் என்று இருந்தது. தூக்குத் தருவதானால் தனிக் காரணம் எழுது என்று 1973இல் இந்தியா தன் நீதிபதிகளிடம் சொல்லிவிட்டது. இங்கே அன்று 302 என்றால் தூக்கு மட்டும்தான்.

2012 ஜூலையில் காற்று மாறியது. போதைப்பொருள் பற்றித் துணைப் பிரதமர் தியோ சீ ஹியன் நாடாளுமன்றத்தில் பேசினார். கொலைச் சட்டம் பற்றிப் பேசியவர் யார்? அன்றைய சட்ட அமைச்சர் சண்முகம், இதே ஈசூன் சோங் பாங்கின் நாடாளுமன்ற உறுப்பினர். நவம்பரில் சட்டம் நிறைவேறியது. கொல்லும் நோக்கத்தோடு செய்த கொலைக்கு மட்டும் கட்டாயத் தூக்கு நின்றது. மற்ற வகைக் கொலைகளில் முடிவு நீதிபதி கையில் வந்தது. இதற்கு நான் கைதட்டுகிறேன், மனமாரக் கைதட்டுகிறேன்.

போதைப்பொருளில்தான் கையைத் தாழ்த்திக்கொள்கிறேன். அங்கே கதவைத் திறந்தார்கள், சாவியை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டார்கள். நீ வெறும் பொட்டலம் சுமந்த கூலியாக இருக்க வேண்டும். அது போதாது. கடத்தலை முறியடிக்க நீ கணிசமாக உதவினாய் என்று அரசுத் தரப்பு வழக்கறிஞர் சான்றிதழும் தர வேண்டும். அது வந்தால்தான் நீதிபதி ஆயுள் தண்டனையை நினைத்துப் பார்க்கவே முடியும். வரவில்லையா? கெட்ட எண்ணத்தாலோ காழ்ப்பாலோ மறுத்தார்கள் என்று காட்டினாலொழிய எதிர்த்து வழக்காட முடியாது. சட்டத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். உன்னைக் கூண்டில் ஏற்றியவரே உனக்கு நற்சான்றும் எழுத வேண்டும்!

யோங்குக்கு அந்தத் தாள் கிடைத்தது. நாகேந்திரனுக்குக் கிடைக்கவில்லை. மனநலக் குறைபாடு என்று இன்னொரு கதவு சட்டத்தில் உண்டு. அறிவுத்திறன் அளவு 69 என்று வந்த பிள்ளைக்கு அதுவும் திறக்கவில்லை. யோசித்துப் பாருங்கள். பொட்டலத்தைத் தொடையில் கட்டிக்கொண்டு மலேசியாவிலிருந்து பாலம் தாண்டுகிறவனுக்கு என்ன தெரியும்? கொடுத்தவன் பெயரே பொய்ப் பெயராக இருக்கும். மேலிடத்து ஆட்களை அறிந்தவனிடம் விற்பதற்குச் செய்தி இருக்கிறது. ஒன்றுமே தெரியாத கடைசி ஆளிடம் என்ன இருக்கிறது?

முன்வரிசையில் ஒரு அம்மா தலையை ஆட்டுகிறார்கள். ஆமாம் அம்மா, போதையால் பிள்ளையைப் பறிகொடுத்த வீடு ஈசூனில் எந்த புளோக்கில் இல்லை? கடத்தியவனை விட்டுவிடு என்று நான் கேட்கவில்லை. ஆயுள் சிறையும் 15 பிரம்படியும் விடுதலையா?

கொடுங்குற்றம் செய்தவனை உயிரோடு விட்டால் என்ன பயன் என்பவர்கள் ஒருமுறை செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்துக்குப் போய் வாருங்கள். 1825 முதல் இந்தியாவிலிருந்து கைதிகளை இங்கே கப்பலேற்றி அனுப்பினார்கள். தூக்குக்கு மாற்றாக அன்றைய சட்டம் வைத்திருந்தது நாடுகடத்தல். அந்தக் கூட்டத்தில் கொலைகாரர்களும் உண்டு. அந்தக் கைகள்தான் முட்டை வெள்ளைக்கருவும் சர்க்கரையும் சுண்ணாம்பும் குழைத்து அந்தச் சுவருக்குப் பூசின.

பாலத்துக்கு அந்தப் பக்கம் பாருங்கள். 2023 ஜூலையில் மலேசியா கட்டாயத் தூக்கை எடுத்துவிட்டது. தூக்கு அங்கே இன்னும் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் தருவதா வேண்டாமா என்பதை நீதிபதி முடிவு செய்கிறார். ஏற்கெனவே தூக்குத் தீர்ப்பு வாங்கியவர்களும் கூட்டரசு நீதிமன்றத்தில் மறுபடி முறையிட வழி செய்தார்கள்.

நாம் கேட்பதும் அவ்வளவுதான். சண்முகம் அவர்கள் இன்று உள்துறை அமைச்சர், இன்றும் நம் பக்கத்து உறுப்பினர். வீட்டுக் கடனுக்கும் பள்ளி இடத்துக்கும் மக்கள் சந்திப்பில் வரிசை எண் வாங்கிக் காத்திருக்கிறோம் அல்லவா? அடுத்த முறை இதற்கும் ஒரு எண் வாங்குங்கள். உங்கள் முறை வந்ததும் உட்கார்ந்து, கொலை வழக்கில் நீங்கள் நம்பிய நீதிபதியைப் போதைப்பொருள் வழக்கில் ஏன் ஐயா நம்பவில்லை என்று மரியாதையாகக் கேளுங்கள்.