பழைய காரும் புதிய பட்டையும்



பெங்களூரில் ஆஸ்டின் டவுன், அதனை அடுத்த நீலசந்திரா, விவேக் நகர் ஆகிய பகுதிகளில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. நம் குடும்பங்களுள் சிலவற்றில் ஓர் அம்பாசடரோ, பிரீமியர் பத்மினியோ, சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டோ இன்றும் பேணப்பட்டு வருவதைக் காணலாம். தந்தையார் வாங்கியது, பாட்டனார் ஓட்டியது என்னும் பற்றினால் அவற்றை விற்க மனம் வருவதில்லை. பொங்கல் வந்துவிட்டால், குழந்தை குட்டிகளுடன் அதில் ஏறி, ஓசூர், கிருஷ்ணகிரி வழியாகச் சொந்த ஊருக்குப் புறப்படுவோரும் உண்டு. இத்தகைய வண்டிகள் பலவற்றில் இல்லாத ஒரு பொருளைப் பற்றி இன்று சிறிது சிந்திப்போம். அதுதான் சீட் பெல்ட் என்று நாம் வழங்கும் இருக்கைப் பட்டை.

தோளையும் இடுப்பையும் ஒருங்கே பிடிக்கும் மூன்றுமுனைப் பட்டையை இன்றைய வடிவில் அமைத்தவர் சுவீடன் நாட்டுப் பொறியாளர் நீல்ஸ் போலின். விமானத்திலிருந்து விமானியை வெளியேற்றும் இருக்கைகளை வடிவமைத்து வந்த அவர், பின்னர் வால்வோ நிறுவனத்தில் சேர்ந்தார். 1959ஆம் ஆண்டில் அந்நிறுவனத்தின் கார்களில் அப்பட்டை இடம் பெற்றது. பிறரும் அதைப் பயன்படுத்துமாறு வால்வோ தன் காப்புரிமையைத் திறந்துவிட்டது. நம் நாட்டிலோ புதிய கார்களின் முன்னிருக்கைகளுக்குப் பட்டை வைத்தே விற்க வேண்டும் என்ற விதி 1994ஆம் ஆண்டில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் வந்த வண்டிகளில் பட்டை இல்லாதது சட்டத்தின் கண்களுக்குக் குற்றமன்று. ஆனால் மோதலின் விசை சட்டப் புத்தகத்தைப் பார்த்து வருவதில்லை.

அந்த விசையின் அளவைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது, ஏறக்குறைய 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாம் மாடியிலிருந்து விழுவதற்கு ஒப்பாகும். அவ்வேகத்தில் செல்லும் 60 கிலோ எடையுள்ள ஒருவரை அரை மீட்டர் தொலைவுக்குள் நிறுத்த வேண்டுமானால், சராசரியாக 1,200 கிலோ எடைக்கு ஈடான விசை வேண்டும். இவ்விசையைக் கையால் தாங்கலாம் என்றோ, மடியில் வைத்த குழந்தையை இறுகப் பிடித்துக்கொள்ளலாம் என்றோ எண்ணுவது வீண். இந்த வண்டிகள் பிறந்த நாளில் சாலைகள் குறுகியவை, வேகமும் குறைவு. இன்று அவை அகன்ற நெடுஞ்சாலையில் பெருவேக வாகனங்களின் நடுவே ஓடுகின்றன.

ஆகவே பழைய வண்டிக்கும் தானாகச் சுருளும் புதிய பட்டையைப் பொருத்தலாமே என்ற எண்ணம் எழுவது இயல்பு. அது நல்லெண்ணமும் ஆகும். முதலில் அது வேலை செய்யும் விதத்தை அறிவோம். பட்டை ஒரு சிறு பெட்டிக்குள் உருளையில் சுற்றப்பட்டிருக்கிறது. மெதுவாக இழுத்தால் வருகிறது. வெடுக்கென இழுத்தால் நின்றுவிடுகிறது. இது ஒரு பூட்டு. மற்றொன்றும் உண்டு. கிண்ணத்தில் வைத்த கோலிக்குண்டைப் போலப் பெட்டிக்குள் ஓர் எஃகுக் குண்டு இருக்கும். சில வகைகளில் அதற்குப் பதில் ஓர் ஊசல் இருக்கும். வண்டி திடீரென நிற்கும்போது குண்டு கிண்ணத்தின் விளிம்பை நோக்கி ஏறி, ஒரு நெம்பை உயர்த்துகிறது. நெம்பு பற்சக்கரத்தைப் பிடித்து உருளையைப் பூட்டுகிறது.

இதிலிருந்து ஓர் உண்மை விளங்கும். கிண்ணம் சாய்ந்தால் குண்டு தன் நிலையில் இராது. ஆகவே சுருள்பெட்டியை அதனைச் செய்தவர் குறித்த கோணத்திலேயே பொருத்த வேண்டும். ஐக்கிய நாடுகளின் 16ஆம் வாகன விதி, இத்தகைய பெட்டி 12 பாகை வரை சாய்ந்தாலும் பூட்டிக்கொள்ளலாகாது, 27 பாகைக்கு மேல் சாய்ந்தால் பூட்டிக்கொள்ள வேண்டும் என்று வரையறுக்கிறது. இடம் கிடைத்த பக்கமெல்லாம் சாய்த்து முடுக்கினால், பட்டை எப்போதும் இறுகி நிற்கும். அல்லது வேண்டிய வேளையில் பூட்டாது போகும்.

எனினும் இவை எல்லாவற்றினும் முதன்மையானது பிடிமானம். பட்டை எத்துணை வலியதாயினும், அது கட்டப்பட்ட இடம் பெயர்ந்துவிட்டால் பயன் என்ன? பயணிக் கார்களின் பிடிமானங்களைச் சோதிக்கும்போது, தோள் பகுதியையும் இடுப்புப் பகுதியையும் ஒரே வேளையில் தலா ஏறக்குறைய 1,350 கிலோ விசையால் இழுத்துப் பார்க்கிறார்கள். நம் பழைய வண்டியின் தரைத்தகடோ மெல்லியது. பல மழைக்காலங்களைக் கண்டது. மிதியடியைத் தூக்கிப் பார்த்தால் துரு தெரியும். அல்லது துருவை மறைத்த பட்டியும் பெயின்டும் தெரியும். அதில் துளையிட்டு, ஒரு வாஷரை வைத்து முடுக்கிய போல்ட், மோதும் கணத்தில் தகட்டைக் கிழித்துக்கொண்டு வந்துவிடும். அத்தகைய பட்டை காப்பு அன்று. காப்பு இருப்பதாகக் காட்டும் ஏமாற்று.

எனவே முதல் வேலை டிங்கரிடம். துருப்பிடித்த பகுதியை வெட்டி நீக்கி, புதிய தகடு வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். பின்னர், தரையின் அடியில் குறைந்தது 3 மில்லிமீட்டர் தடிப்பும் உள்ளங்கை அகலமும் உள்ள எஃகுத் தகட்டை வைத்து, விசை பரவுமாறு செய்ய வேண்டும். உலகெங்கும் இதற்கு வழங்குவது 7/16 அங்குல உயர்வலிமைப் போல்ட். கடையில் கிடைக்கும் சாதாரணப் போல்ட் ஆகாது. துளையிடும் முன் அடியில் பிரேக் குழாயோ பெட்ரோல் குழாயோ செல்கிறதா என்று பார்த்தல் இன்றியமையாதது.

தோள் முனைக்கு இடம் கதவுத் தூண். அது உள்ளே வெற்றிடமான மெல்லிய தகட்டுத் தூண் ஆதலால், உட்புறத்தில் நட்டுடன் கூடிய தகடு பற்றவைக்கப்பட வேண்டும். முனை தோளின் உயரத்திலோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். தூணில் வேலை மிகுதி என்று கருதி, பட்டையை இருக்கையின் முதுகின்மேல் கொண்டுசென்று பின்தரையில் கட்டுவோர் உண்டு. மோதும்போது அது தோளைக் கீழ்நோக்கி அழுத்தி முதுகெலும்பைத் தாக்கும். இடுப்புப் பகுதியோ வயிற்றின்மேல் அன்றி, இடுப்பெலும்பின்மேல் படிய வேண்டும்.

அம்பாசடருக்கும் பத்மினிக்கும் உடற்கூடே சட்டம். ஹெரால்டுக்குச் சேஸிஸ் தனி, அதன்மேல் உடற்பகுதிகள் போல்ட்டால் பூட்டப்பட்டவை. ஆகவே ஒன்றுக்குச் செய்ததை மற்றொன்றுக்கு அப்படியே செய்துவிட முடியாது. அவ்வவ் வண்டியை அறிந்த மெக்கானிக்கே இதற்குத் தக்கவர்.

பொருள் வாங்குவதிலும் விழிப்பு வேண்டும். சென்னைக்குப் புதுப்பேட்டை போலப் பெங்களூருக்குச் சிவாஜிநகர். பழைய உதிரிப்பாகங்கள் மலிவாகக் கிடைக்கும். கண்ணாடியும் கைப்பிடியும் அங்கே வாங்கலாம்; பட்டையை வாங்கலாகாது. ஒருமுறை விபத்தில் இழுபட்ட பட்டையின் இழைகள் நீண்டு தளர்ந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. வெடிமருந்தின் உதவியால் பட்டையை இறுக்கும் நவீன வகையோ, உணர்கருவி இல்லாத பழைய வண்டிக்கு ஒவ்வாது. தர முத்திரை உள்ள புதிய சாதாரணச் சுருள்பட்டையே போதும்.

பழமையின் அழகு கெடுமே என்று வருந்துவோருக்கு ஒரு சொல். 50 ஆண்டு கடந்த வண்டிகளைத் தொன்மை வாகனமாகப் பதிவு செய்ய 2021ஆம் ஆண்டில் விதிகள் வந்தன. அவை வண்டி மூல வடிவில் இருப்பதை வேண்டுகின்றன. அவ்வாறு பதிவானவற்றை அன்றாடப் போக்குவரத்துக்கும் ஓட்டலாகாது. எனவே வேலையைத் தொடங்கும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டு அறிதல் நன்று. கண்காட்சிக்கு மட்டும் செல்லும் வண்டியை அப்படியே வைத்திருக்கலாம். குடும்பத்தை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் ஓடும் வண்டிக்கு வேறு நியாயம் உண்டு.

பட்டை பொருத்திவிட்டதால் பழைய கார் புதிய கார் ஆகிவிடாது. அதன் ஸ்டீயரிங் தண்டு மோதலில் மடங்கும்படி அமைந்ததன்று. தலைக்குப் பின்தாங்கலும் இல்லை. ஆகையால் வேகத்தைக் குறைப்போம். நீண்ட முன்னிருக்கையில் மூவர் அமரும் பழைய வழக்கத்தையும், இரு குழந்தைகளை ஒரே பட்டைக்குள் கட்டும் வழக்கத்தையும் விட்டுவிடுவோம். தரைத்தகட்டில் வலிமை இல்லையென்று மெக்கானிக் கூறினால், அதைச் செப்பனிடும் வரையில் ஊர்ப் பயணத்துக்கு ரயிலையோ பேருந்தையோ நாடுவோம். சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுத முடியும். பாட்டனார் நமக்கு விட்டுச் சென்றது வண்டியை மட்டுமன்று. அதில் ஏறி வரும் பேரப்பிள்ளைகளையுந்தான்.