பாஸ்புக்கில் பிடித்த பணத்துக்குக் கணக்குக் கேள்!

(காவேரிப்பாக்கத்தில் நடந்த விவசாயிகள் விளக்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



ஏரிக்கரையில் நண்டு வளை வைத்தால் நாம் சும்மா இருப்பதில்லை. சின்ன ஓட்டைதானேன்னு விட்டா கரையே போயிடும்னு நமக்குத் தெரியும். ஆனா பாஸ்புக்கில் 118 ரூபாய், 59 ரூபாய்னு பிடிச்சிருந்தா மட்டும், "பேங்க்காரன் சரியாத்தான் போட்டிருப்பான்"னு மூடி வைச்சிடுறோம். அந்த ஓட்டையைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

ஓவர் டிராப்ட்டுன்னா என்ன? கணக்கில் இருக்கிற பணத்துக்கு மேல், பேங்க் ஒத்துக்கிட்ட அளவுக்கு எடுக்கிற கடன். நம்ம கிசான் கார்டு ஏறக்குறைய இந்த மாதிரிதான். 1998-ல் வந்தது. ஒரு லட்சம் லிமிட்டுன்னா, எவ்வளவு எடுக்கிறோமோ அதுக்கு மட்டும், எத்தனை நாள் வைச்சிருக்கிறோமோ அத்தனை நாளைக்கு மட்டும் வட்டி. ஜன்தன் கணக்குக்காரர்களுக்கும் 10,000 ரூபாய் வரை ஓவர் டிராப்ட் உண்டு. இதெல்லாம் நாம் கேட்டு வாங்குகிற கடன்.

நாம் கேட்காமலே ஏறுகிற கடன் ஒன்று இருக்கு. மினிமம் பேலன்ஸ் இல்லைன்னு அபராதம் போட்டு, கணக்கை மைனசில் தள்ளுவது. அடுத்து வருகிற உதவித் தொகையை அந்த மைனசுக்கு எடுத்துக்கொள்வது. 2023 செப்டம்பரில் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் வந்தபோது தமிழ்நாடு முழுக்க இதுதான் நடந்தது. வந்த பணத்தை வங்கிகள் கட்டணம்னு பிடித்தன. அது கூடாதுன்னு நிதி அமைச்சர் தங்கம் தென்னரசுவே அறிக்கை விட வேண்டியதாயிற்று.

தோழர்களே, சட்டம் என்ன சொல்லுது? 2014 நவம்பரில் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவு இது: மினிமம் பேலன்ஸ் குறைந்தால் முதலில் தகவல் சொல்லணும். ஒரு மாதம் அவகாசம் கொடுக்கணும். குறைகிற தொகைக்கு ஏற்பத்தான் கட்டணம். அந்தக் கட்டணத்தால் மட்டுமே சேமிப்புக் கணக்கு மைனசுக்குப் போகவே கூடாது. 2015 ஏப்ரல் 1 முதல் இது அமல். அப்படியானால் மைனஸ் போட்ட பேங்க்கைப் பார்த்து, "இது இன்னாத்துக்குப் புடிச்சீங்க?"ன்னு கேட்க நமக்கு உரிமை இருக்கா, இல்லையா?

இது சில்லறைக் காசு விவகாரம் இல்லை. ஸ்டேட் பேங்க் 2017 ஏப்ரல் முதல் நவம்பர் வரை இந்த அபராதமாக மட்டும் 1,771 கோடி ரூபாய் வசூலித்தது. 2020-ல் கைவிட்டது. மற்ற பொதுத்துறை வங்கிகள் விடவில்லை. 2024 மார்ச்சோடு முடிந்த ஐந்து ஆண்டுகளில் பொதுத்துறை வங்கிகள் சுமார் 8,500 கோடி வசூலித்ததாக நாடாளுமன்றத்திலேயே அரசு சொன்னது. எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் 2025 ஜூனில் கனரா வங்கியும், ஜூலையில் இந்தியன் வங்கியும் இதை ரத்து செய்தன. பல தனியார் வங்கிகளில் இன்னும் இருக்கு. தோல் கம்பெனிக்கும் ஷூ கம்பெனிக்கும் போகிற நம்ம வீட்டுப் பெண்கள் கவனிக்கணும். வேலையை விட்டு நின்றதும் சம்பளக் கணக்கு சாதாரணக் கணக்காக மாறிடும். அப்புறம் அபராதம் ஓட ஆரம்பிக்கும். வேண்டாத கணக்கை எழுதிக் கொடுத்து முடிச்சிடுங்க. இல்லைன்னா மினிமம் பேலன்ஸ் கேட்காத அடிப்படைக் கணக்காக மாத்திக் கேளுங்க.

அடுத்து பயிர்க்கடன். ஒரு லட்சம் எடுத்தவர் கெடு தேதிக்குள் கட்டினால் 4 சதவீதம், அதாவது வருஷத்துக்கு 4,000 ரூபாய் வட்டி. கெடு தப்பினால் 3 சதவீத ஊக்கச் சலுகை போச்சு, 7,000 ஆயிடும். கெடுவுக்கு அப்புறம் ஓடுகிற நாளுக்குச் சலுகையே கிடையாது, பேங்க்கின் முழு வட்டி. அதனால் கெடு தேதியைச் சுவரில் எழுதி வையுங்க.

பாஸ்புக்கில் பார்க்க வேண்டிய நாலு விஷயம் சொல்றேன்:

ஒன்று, 3 லட்சம் வரையுள்ள கிசான் கார்டு கடனுக்கு பிராசசிங், இன்ஸ்பெக்‌ஷன், லெட்ஜர் கட்டணம் கிடையாது. 2019-லேயே வங்கிகள் ஒத்துக்கொண்ட விஷயம் இது.

இரண்டு, பயிர்க் காப்பீடு 2020 காரீப் முதல் கட்டாயம் இல்லை. வேண்டாம் என்றால் கடைசித் தேதிக்கு ஏழு நாள் முன்னாடி எழுதிக் கொடுக்கணும். வேணும் என்றால், பிரீமியம் பிடிச்சாங்களா, நம்ம பயிர், நம்ம சர்வே நம்பர் சரியா ஏறியிருக்கான்னு பாருங்க.

மூன்று, அபராதத்துக்கு மேல் வட்டி போடக் கூடாது. 2023 ஆகஸ்டில் வந்த ரிசர்வ் வங்கி உத்தரவு, 2024-ல் அமலுக்கு வந்தது.

நான்கு, அஞ்சு ஏக்கருக்குள் நிலம் உள்ள சிறு, குறு விவசாயியின் குறுகிய காலக் கடனில் மொத்த வட்டி அசலைத் தாண்டக் கூடாது. 50,000 கடனுக்கு 70,000 வட்டின்னு நோட்டீஸ் வந்தால் நேரே சங்கத்துக்குக் கொண்டு வாங்க.

இன்னொரு நியாயத்தையும் கேளுங்க. கரும்பு போட்டவனுக்கு ஆலை 14 நாளில் பணம் தரணும், தவறினால் 15 சதவீத வட்டி தரணும் என்று 1966 கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை சொல்லுது. அந்த வட்டி எத்தனை பேர் கைக்கு வந்திருக்கு? ஆலை லேட் பண்ணினா நாம பொறுத்துக்கணும். அதனால நாம லேட் பண்ணினா பேங்க் பொறுத்துக்காதாம்! இது என்ன ஊர் நியாயம்?

சரி, என்ன செய்யணும்? வாயால் கேட்டுட்டு வந்துடாதீங்க. எந்தத் தேதியில் எவ்வளவு பிடித்தார்கள் என்று எழுதி, மேனேஜரிடம் கொடுத்து, நகலில் சீல் வாங்குங்க. 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். செலவு கிடையாது, வக்கீலும் வேண்டாம். சண்டிகர், செக்டார் 17, அஞ்சல் குறியீடு 160017-ல் உள்ள ரிசர்வ் வங்கி அலுவலகத்துக்கு அனுப்பணும். விவரம் கேட்க 14448. நம்ம ஊர் கூட்டுறவுக் கடன் சங்கம் அதில் வராது. அந்தப் புகார் கூட்டுறவு இணைப்பதிவாளருக்குப் போகணும்.

ஒருத்தர் போய்க் கேட்டால், "கம்ப்யூட்டர் பிடிச்சுது"ன்னு சொல்லி அனுப்பிடுவாங்க. ஐம்பது பேர் பாஸ்புக்கோடு போய் நின்றால் கம்ப்யூட்டரும் கணக்குச் சொல்லும். ஆகவே ஊர் ஊராகப் பாஸ்புக்குகளைச் சேகரிப்போம். என்ட்ரி போட்டுக் கொண்டு வாங்க. படிக்கத் தெரியாதவர்களுக்கு நம்ம பிள்ளைகள் படித்துச் சொல்லட்டும்.

நமது கோரிக்கைகள்:

* விதியை மீறிப் பிடித்த கட்டணத்தைத் திருப்பிக் கொடு!
* அரசு உதவித் தொகையில் அபராதம் பிடிக்காதே!
* கட்டண விவரத்தைக் கிளைதோறும் தமிழில் எழுதி ஒட்டு!
* நெல்லுக்கும் கரும்புக்கும் பணம் வந்த பிறகு கடன் கெடுவை வை!

கடனைத் தள்ளு என்று இன்றைக்கு நாம் கேட்கவில்லை. கணக்கைக் காட்டு என்றுதான் கேட்கிறோம். அது பிச்சை இல்லை, உரிமை!

ஒன்றுபடுவோம்! போராடுவோம்!