அன்றாட வாழ்வும் கையடக்கக் காணொலிக் கருவியும்

(நம் அறக்கட்டளையின் குடும்ப விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் தமிழ் கற்பித்தவளிடம் இலக்கியம் குறித்துப் பேசச் சொல்வதே வழக்கம். இம்முறை செயலாளர் அவர்கள், "அம்மா, இளைஞர்களுக்கும் பயன்படும்படி ஏதேனும் சொல்லுங்கள்" என்றார். ஆகவே என் வீட்டு அலமாரியில் உறங்கும் ஒரு சிறு கருவியைப் பற்றிப் பேச எண்ணுகிறேன். அது உள்ளங்கை அளவே உள்ள ஒரு காணொலிப் படக்கருவி. அதனால் எங்கள் குடும்பம் பெற்றது ஒன்று, என் கவனக்குறைவால் இழந்தது ஒன்று. இரண்டையும் ஒளிக்காமல் சொல்கிறேன்.

வீட்டு நிகழ்வைப் படமாக்கும் ஆசை திரைப்படத்தின் பிறப்போடு பிறந்தது. 1895 டிசம்பர் 28 அன்று பாரிஸ் நகரில் லூமியர் சகோதரர்கள் கட்டணம் பெற்றுக் காட்டிய படங்களுள் ஒன்று, அண்ணன் அகுஸ்த் லூமியரும் அவர் மனைவியும் தம் கைக்குழந்தைக்கு உணவூட்டும் காட்சி. ஒரு நிமிடம்கூட ஓடாத படம் அது. அதைப் பார்த்தவர்கள் குழந்தையைக் கண்டு மகிழ்ந்ததோடு, பின்னால் மரத்தின் இலைகள் காற்றில் அசைவதைக் கண்டு பெரிதும் வியந்தனர் என்பர். படம் எடுத்தவர் குழந்தையை எண்ணி எடுத்தார். பார்த்தவர் கண்ணில் இலைகளும் பட்டன. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்குத் திரும்பி வருவேன்.

அதன்பின் நெடுங்காலம் இக்கலை செல்வர் வீட்டுப் பொருளாகவே இருந்தது. கோடாக் நிறுவனம் 1932இல் 8 மில்லிமீட்டர்ப் படச்சுருளையும், 1965இல் 'சூப்பர் 8' படச்சுருளையும் வெளியிட்டது. ஐம்பது அடிச் சுருள் ஒன்று மூன்று நிமிடம் இருபது விநாடி ஓடும். அதைக் கழுவக் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். பிறகு திரைகட்டிப் பார்க்க வேண்டும். அச்சுருளின் மேற்பூச்சில் கால்நடைகளின் எலும்பு, தோல் ஆகியவற்றிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் சேர்க்கப்பட்டது என்பதை நம்மவர் பலர் அறியார். இன்றைய கருவிகளில் படச்சுருளே இல்லை.

1976இல் ஜப்பானில் 'வி.எச்.எஸ்.' ஒளிநாடா வந்தது. நம் ஊர்த் திருமணங்களில் தோளில் பெருங்கருவியைச் சுமந்த வீடியோக்காரரும், கண்ணைக் கூசச்செய்யும் விளக்கைத் தூக்கிப் பிடித்த உதவியாளரும் தோன்றியது அதன்பிறகுதான். 1993இல் என் நாத்தனார் திருமணத்தை அப்படித்தான் எடுத்தோம். மணப்பெண்ணின் தாயாகிய என் மாமியார் அந்த மூன்று மணி நேர நாடாவில் பல இடங்களில் வருகிறார். சம்பந்தியை வரவேற்கிறார், யாரையோ கடிந்துகொள்கிறார், மகளை அணைத்துக்கொண்டு ஏதோ சொல்கிறார். என்ன சொன்னார் என்பது மட்டும் தெரியாது. பேச்சொலியை நீக்கிவிட்டு, படம் முழுவதும் திரைப்பாடல்களைச் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள். அதுவே அக்கால வழக்கம். நாங்களும் அதை விரும்பித்தான் வாங்கிக்கொண்டோம்.

இனி அந்தச் சிறு கருவிக்கு வருகிறேன். அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரிலிருந்த 'ப்யூர் டிஜிட்டல்' என்னும் நிறுவனம் 2007இல் 'ஃபிளிப்' என்ற பெயரில் கையடக்கக் காணொலிக் கருவியை விற்கத் தொடங்கியது. நடுவில் ஒரு சிவப்புப் பொத்தான். அழுத்தினால் பதிவாகும், மீண்டும் அழுத்தினால் நிற்கும். பக்கத்தில் மடக்கி வைத்த ஒரு சிறு கை உண்டு. அதை விரித்துக் கணினியில் செருகினால் படங்கள் கணினிக்குள் சென்றுவிடும். கடையில் கிடைக்கும் சாதாரண மின்கலங்களில் இயங்கிய வகையும் இருந்தது. ஒரு மணி நேரப் படமே கொள்ளும். தொலைக்காட்சித் தரத்தோடு ஒப்பிட்டால் குறைபாடு மிகுதி. ஆயினும் மக்கள் அதை விரும்பி வாங்கினர். பெரிய கருவியைப் பையிலிருந்து எடுத்து ஆயத்தம் செய்வதற்குள் குழந்தையின் சிரிப்பு முடிந்துவிடும். இதுவோ இரண்டு விநாடியில் ஆயத்தமாகிவிடும்.

2009இல் 'சிஸ்கோ' என்னும் பெருநிறுவனம் ஏறத்தாழ 59 கோடி டாலர் மதிப்பில் அந்நிறுவனத்தை வாங்கியது. இரண்டே ஆண்டுகளில், 2011 ஏப்ரலில், ஃபிளிப் தொழிலையே மூடுவதாக அறிவித்தது. அதற்குள் செல்பேசிகள் காணொலி எடுக்கக் கற்றுக்கொண்டிருந்தன. அக்கருவியின் ஆயுள் அவ்வளவு குறுகியது.

2009 கோடை விடுமுறையில் அமெரிக்காவில் பணியாற்றிய என் மூத்த மகன் அத்தகைய கருவி ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தான். அப்போது என் மாமியார் எங்களோடு அம்பத்தூரில் இருந்தார். வந்தவாசிக்கு அருகிலுள்ள சிற்றூரில் பிறந்து, அறுபது வயதுவரை அங்கேயே வாழ்ந்தவர். இங்கே வந்த பிறகும் விளக்கு வைக்கும் நேரத்திற்கு முன்பே உண்டு முடிப்பார். குழாய் நீரையும் இருமடியாக மடித்த துணியில் வடித்துத்தான் குடத்தில் பிடிப்பார்.

மூன்று ஆண்டுகளில் அவரைப் பதினேழு முறை படம் எடுத்தேன். அவற்றுள் நான் பெரிதாகக் கருதியது ஒன்று. நல்ல பட்டுப்புடவை உடுத்தச் சொல்லி, நாற்காலியில் அமரவைத்து, அவருக்கு மனப்பாடமாக இருந்த துதிகளை அரை மணி நேரம் சொல்லச் செய்தேன். மற்றவை சமையலறையிலும் மொட்டை மாடியிலும் போகிற போக்கில் எடுத்தவை. அவற்றுள் ஒன்றில் நான் வைத்த கூட்டைச் சுவைத்துவிட்டு, "ஏம்மா, இதுல உப்பு போட்டியா, இல்ல உப்பு டப்பாவைக் காட்டுனியா?" என்று கேட்கிறார். எனக்குச் சற்றே மனத்தாங்கல்; உடனே பொத்தானை அழுத்தி நிறுத்திவிட்டேன். அதற்குப் பின் அவர் சிரித்துக்கொண்டே என்னவோ சொன்னார். அது பதிவாகவில்லை.

வேறொரு நாள், காய்ச்சலில் படுத்திருந்தவரைக் கேளாமலே எடுக்கத் தொடங்கினேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அன்றே அதை அழித்தேன். உயிரை வருத்தாமை பற்றி வகுப்பில் எத்தனையோ முறை பேசியவள் நான். கருவியைக் கையில் பிடித்துக்கொண்டும் ஒருவரை வருத்தலாம் என்று அன்றுதான் உணர்ந்தேன். "எடுக்கட்டுமா, அத்தை?" என்று கேட்பதற்கு ஒரு விநாடி போதும்.

2012இல் அவர் மறைந்தார். படங்கள் அனைத்தும் கணினியில் இருந்தன. கருவியில் இடம் வேண்டுமென்று அதிலிருந்தவற்றை அழித்திருந்தேன். 2015 டிசம்பர் வெள்ளம் உங்களில் பலருக்கும் நினைவிருக்கும். எங்கள் வீட்டுத் தரைத்தளத்தில் முழங்கால் அளவு நீர் நின்றது. மேசைக்கடியில் தரையில் வைத்திருந்த கணினிப் பெட்டி இரண்டு நாள் அதில் மூழ்கிக் கிடந்தது. பழுதுபார்ப்பவர் கைவிரித்துவிட்டார். திருமண நாடாவோ பூஞ்சை பிடித்து முன்பே கெட்டிருந்தது.

சில மாதங்கள் கழித்து நாத்தனாரிடம் இதைச் சொல்லி வருந்தியபோது, அவர் தம் பீரோவிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்து வந்தார். 2011இல் அவர் வந்திருந்தபோது என் மகன் சிலவற்றை அதில் படியெடுத்துக் கொடுத்திருக்கிறான். பதினேழில் ஆறு அதில் இருந்தன. அவன் விளையாட்டாகத் தேர்ந்தவை அவை. பட்டுப்புடவை உடுத்தி அமர்ந்து சொன்ன துதிகள் இல்லை. உப்பு டப்பா இருந்தது. நீர் வடிக்கும் காட்சியும் இருந்தது. அதில் அவர், ஊரில் கிணற்று நீரை வடித்த துணியை அந்தக் கிணற்று நீரிலேயே அலசிவிட வேண்டும், துணியில் தங்கிய சிற்றுயிர்கள் தம் இடத்திற்கே திரும்ப வேண்டும் என்று கையசைத்து விளக்குகிறார். நூலில் அந்த விதியைப் படிக்கலாம். துணியை எப்படிப் பிடித்து, எப்படித் திருப்பி அலசுவது என்பதை அவர் கைகளிடம்தான் கற்க முடியும்.

1887இல் உ.வே.சாமிநாதையர் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்த வரலாறு இங்கு எண்ணத்தக்கது. ஏட்டுச்சுவடிகள் கையில் இருந்தும் சமணக் கருத்துகள் பல அவருக்கு விளங்கவில்லை. கும்பகோணத்துச் சமண அன்பர்கள் ஐயம் தீர்த்து உதவியதை அவரே தம் வரலாற்றில் நன்றியோடு எழுதியிருக்கிறார். ஏட்டோடு, அந்நெறியில் வாழ்ந்தவரின் வாய்மொழியும் வேண்டியிருந்தது. நம் இல்லங்களில் அந்த வாய்மொழி இன்னும் இருக்கிறது. ஆனால் ஊரை விட்டு ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் தொழிற்சாலை வேலை தேடி வந்த தலைமுறை இன்று எண்பதைத் தொட்டுக்கொண்டிருக்கிறது.

"இப்போது எல்லாருக்கும் செல்பேசி இருக்கிறதே, பழைய கருவியின் கதை எதற்கு?" என்று இளைஞர்கள் கேட்கலாம். உங்கள் செல்பேசியில் எத்தனை ஆயிரம் துணுக்குகள் இருக்கின்றன? அவற்றுள் உங்கள் பாட்டி முழுதாக ஒரு வாக்கியம் பேசுவது எத்தனை? அந்தச் சிறு கருவியில் ஒரு மணி நேரமே இடம் இருந்தது. ஆகவே அவ்வப்போது அமர்ந்து பார்த்து, வேண்டியதை வைத்துக்கொண்டு வேண்டாததை நீக்க வேண்டியிருந்தது. உடைமைக்கு வரம்பு வகுத்துக்கொள்ளும் நமக்கு இது புதிதன்று. அளவின்றிச் சேர்த்தால் எதையும் பார்க்க மாட்டோம்.

என் பட்டறிவில் கண்ட சிலவற்றைச் சொல்லி முடிக்கிறேன். செல்பேசியைக் கிடையாகப் பிடியுங்கள். சன்னல் வெளிச்சம் உங்கள் முதுகுப்புறம் இருக்கட்டும்; பேசுபவர் முகத்தில் விழட்டும். உருவத்தைப் பெரிதாக்கும் வசதியை நாடாமல் நீங்களே அருகில் செல்லுங்கள், குரலும் தெளிவாகும். மின்விசிறி, மிக்சி, தொலைக்காட்சி ஆகியவற்றை நிறுத்திவிடுங்கள். இரண்டு நிமிடம் போதும். தொடக்கத்திலேயே நாள், இடம், பேசுபவர் பெயர் மூன்றையும் உங்கள் வாயால் சொல்லிவிடுங்கள். இருபது ஆண்டு கழித்துப் பார்ப்பவருக்கு வேறு யார் சொல்வார்? பெரியவர் ஓய்ந்ததும் உடனே நிறுத்தாதீர்கள். இன்னும் பத்து விநாடி பொறுங்கள். நான் இழந்தது அந்தப் பத்து விநாடியைத்தான்.

பின்னணியை ஒதுக்காதீர்கள். லூமியர் படத்து இலைகளைச் சொன்னேன் அல்லவா? எனக்குக் கிடைத்த ஆறில் ஒன்று மொட்டை மாடியில் எடுத்தது. வடகம் காய்கிறது, அத்தை காகம் ஓட்டுகிறார். பின்னால் வெற்று மனைகளும், தொலைவில் செல்லும் மின்தொடர் வண்டியும் தெரிகின்றன. இன்று அந்த மனைகளில் நான்கு மாடிக் குடியிருப்புகள் நிற்கின்றன. அவரோடு அன்றைய அம்பத்தூரும் அதில் இருக்கிறது.

எடுத்ததைப் படியெடுத்து வையுங்கள். பத்தாம் நூற்றாண்டில் கன்னட நாட்டு அத்திமப்பை அம்மையார் பொன்னரின் சாந்தி புராணத்தை ஆயிரம் படிகள் எழுதச் செய்து வழங்கினார். நமக்கு மூன்று படிகள் போதும்: கணினியில் ஒன்று, தனியான சேமிப்புக் கருவியில் ஒன்று, வேறு ஊரிலுள்ள உறவினர் வீட்டில் ஒன்று. மூன்றாவதுதான் எங்களைக் காத்தது. ஓலை செல்லரிக்கும்முன் புதிய ஓலையில் எழுதியதுபோல, ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதிய கருவிக்கு மாற்றுங்கள். ஆண்டுக்கு ஒரு நாள் குடும்பத்தோடு அமர்ந்து பாருங்கள்.

சென்ற ஆண்டு என் ஆறு வயதுப் பேத்தி அந்த உப்புக் காட்சியை முதன்முறை பார்த்தாள். கொள்ளுப்பாட்டியை அவள் கண்டதில்லை. மறுநாள் பகலுணவில் என்னை நிமிர்ந்து பார்த்து, "பாட்டி, உப்பு டப்பாவைக் காட்டுனியா?" என்றாள். அதே இழுப்பு, அதே தலையசைப்பு. என் கணவர் உண்பதை நிறுத்திவிட்டுச் சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

இன்று வீட்டிற்குச் சென்றதும் உங்கள் இல்லத்து மூத்தவரிடம் அனுமதி கேட்டு, இரண்டு நிமிடம் அவர் விரும்பியதைப் பேசச் சொல்லுங்கள்.